கல்பாக்கத்தில் ஆறு பேர்... வெளியே தெரிய ஆறு மாதம்!

2003-ம் ஆண்டு ஜனவரி 21. கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் இருக்கும் எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் வழக்கமான வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அணு உலைகளில் எரித்து முடித்த எரிபொருளைக் கரைத்து, அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. பிரித்தது போக மிஞ்சும் திரவக் கழிவைத் தேக்கிவைக்க அங்கே தொட்டிகள் உண்டு. கதிர்வீச்சு குறைவாக உள்ள கழிவு ஒரு வகை, மிகக் கடுமையான கழிவு இன்னொரு வகை. அன்றைக்கு ஊழியர்கள் போனது, குறைவான கழிவு இருக்கும் இடத்துக்கு. அதிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கழிவு அந்தப் பகுதிக்குள் வந்துவிட்டிருந்தது. கதிர்வீச்சுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கை வைத்தால் சுடவும் சுடாது. கருவி சொன்னால்தான் தெரியும். அந்த இடத்தில் கருவி இல்லை. ஆலை செயல்படத் தொடங்கி ஐந்து வருடங்கள் ஆகியும், கதிர்வீச்சு கூடினால் அலறும் மானிட்டரும் அங்கே பொருத்தப்படவில்லை, வால்வு பழுதானால் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் இல்லை. எடுத்துவந்த மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் ஆறு ஊழியர்கள், அனுமதிக்கப்பட்ட ஆண்டு அளவைத் தாண்டிக் கதிர்வீச்சை வாங்கிவிட்டார்கள்.

ஆலையை மூடிவைத்துவிட்டுச் சரிபார்க்கலாம் என்று பாதுகாப்புக் குழு பரிந்துரைத்தது. மேலிடம் கேட்கவில்லை, ஆலை ஓடியது. சில நாள்களிலேயே ஊழியர் சங்கம், பாதுகாப்பு தொடர்பாகப் பத்துக் கோரிக்கைகளை எழுதி இயக்குநருக்குக் கடிதம் அனுப்பியது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமியுங்கள் என்பது அவற்றில் ஒன்று. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஊழியர்கள் அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளான வேறு இரண்டு சம்பவங்களையும் அந்தக் கடிதம் நினைவூட்டியது. பதில் வரவில்லை. சில மாதங்கள் பொறுத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னணியில் நின்றவர்களுக்கு இடமாறுதல் உத்தரவு வந்தது. மற்றவர்களுக்கும் அதுதான் கதி என்று எச்சரிக்கை போனது. இரண்டே நாள்களில் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

கடைசியில் விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. அதன் பிறகுதான் நிர்வாகம் வாய் திறந்தது. இந்திய அணுசக்தி வரலாற்றில் ஊழியர்கள் கதிர்வீச்சுக்கு ஆளான விபத்துகளில் இதுதான் மிக மோசமானது என்று ஒப்புக்கொண்டது. கூடவே, ஊழியர்களின் அதீத ஆர்வமும் தவறான கணிப்பும்தான் காரணம் என்றும், அவர்கள் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை அணிந்திருக்கவில்லை என்றும் சொன்னது. இந்த பேட்ஜ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் அந்த பேட்ஜ், உடம்பு எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்பதைப் பிறகு ஆய்வகத்தில் படித்துச் சொல்வதற்கானது. ஆபத்து வருகிறது, ஓடிவிடு என்று அது முன்கூட்டிச் சொல்லாது. ஆறு பேரும் பேட்ஜ் போட்டிருந்தாலும் நடந்தது நடந்தேதான் இருக்கும்.

ஜனவரியில் நடந்த விபத்து ஊருக்குத் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. மாமல்லபுரம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் அந்த வளாகத்தைக் கடந்துபோகிறவர்களுக்கு, உள்ளே அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

கண்காணிக்க வேண்டியவர்கள் யார்?

இந்தியாவில் அணு உலை முதல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இயந்திரம் வரை கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மும்பையில் தலைமையகம். 1983-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி, 1962-ம் வருடத்து அணுசக்திச் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் ஓர் உத்தரவால் உருவானது. உத்தரவால் என்பதுதான் இங்கே முக்கியம். நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் அல்ல.

வாரியத்தின் தலைவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது? அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலாளர். அந்தத் துறைதான் அணு மின் நிலையங்களைக் கட்டுகிறது, நடத்துகிறது, ஆராய்ச்சி மையங்களை வைத்திருக்கிறது. அதாவது, பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர், பரீட்சை எழுதுகிறவரின் அப்பாவிடம் சம்பளம் வாங்குகிற நிலைமை. திருத்துகிறவர் நேர்மையானவராகவே இருக்கலாம். வாரியத்தில் அப்படிப்பட்ட பொறியாளர்கள் பலர் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். ஆனால் கறாராக மார்க் போடும் ஒவ்வொரு முறையும் அவருடைய தனிப்பட்ட துணிச்சலையே நம்பியிருக்க வேண்டும் என்றால், ஏற்பாட்டில்தான் கோளாறு.

கல்பாக்கம் விபத்தில் இந்த வாரியம் என்ன செய்தது என்று கேட்டால், பதில் இன்னும் விசித்திரமானது. அந்த ஆலை அப்போது வாரியத்தின் கண்காணிப்பிலேயே இல்லை. 1998-ல் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்தது. 2000-ம் ஆண்டு ஏப்ரலில் வந்த ஓர் உத்தரவு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தையும் அதன் கீழ் உள்ள ஆலைகளையும் வாரியத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கியது. கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலை பாபா மையத்தைச் சேர்ந்தது. அதே வளாகத்தில் இருக்கும் சென்னை அணு மின் நிலையம் வாரியத்தின் கண்காணிப்பில் தொடர்ந்தது; அதன் அருகிலேயே இருக்கும் இந்த ஆலைக்குப் பாபா மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவே மேற்பார்வை. ஆயுதம் தொடர்பான ரகசியங்களைக் காக்க வேண்டும் என்பது ஒரு நாட்டுக்குத் தேவைதான். ஆனால் ஊழியர் தலைக்கு மேல் ஒரு மானிட்டர் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

130 குறைகள், ஒரு வழக்கு

இந்த வாரியம் பல்லைக் காட்டிய காலமும் உண்டு. 1993 முதல் 1996 வரை அதன் தலைவராக இருந்தவர் ஏ.கோபாலகிருஷ்ணன். அவர் காலத்தில், நாட்டின் அணுசக்தி நிலையங்களில் சரிசெய்ய வேண்டிய சுமார் 130 பாதுகாப்புப் பிரச்னைகளைப் பட்டியலிட்டு, 1995-ல் வாரியம் ஓர் அறிக்கை தயாரித்தது. வெளியாள் எழுதிய குற்றப்பத்திரிகை அல்ல அது. அரசின் சொந்த வாரியமே எழுதியது.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று மக்களுக்குக் காட்டுங்கள் எனக் கேட்டு, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அணுசக்திச் சட்டத்தின் 18-வது பிரிவு, அணு நிலையங்கள் குறித்த தகவல்களை வெளியிடாமல் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அரசு அதைக் காட்டியது. உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் 2004 ஜனவரியில் அரசின் பக்கமே நின்றது. கோபாலகிருஷ்ணன் பதவியை விட்டு விலகிய பிறகு, வாரியத்துக்குச் சுதந்திரம் வேண்டும் என்று பல வருடங்கள் எழுதியும் பேசியும் வந்தார்.

வந்த எச்சரிக்கையும் வராத நடவடிக்கையும்

அந்தப் பட்டியல் தயாராவதற்கு ஒரு தூண்டுதலாக இருந்தது நரோரா. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் அணு மின் நிலையம். 1993-ம் ஆண்டு மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. முதல் யூனிட்டின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் உடைந்து பறந்தன. அந்த அதிர்வில் குழாய்கள் பிளந்து, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்களில் பரவியதும் நிலையத்தின் மின்சாரம் முழுக்கப் போனது. அவசரத்துக்கு என்று வைத்திருந்த மாற்று வழிகளின் கேபிள்களும் பக்கத்திலேயே போயிருந்ததால் அவையும் எரிந்தன. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை புகுந்து, ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சுமார் 17 மணி நேரம் நிலையமே இருட்டில்.

உலையை நிறுத்தினாலும் அதற்குள் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும், குளிர்விக்க வேண்டும். பம்புகளுக்கு மின்சாரம் இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளை இயக்கித் தண்ணீர் செலுத்தினார்கள். உலை மறுபடி உயிர்பெற்றுவிடக் கூடாது என்று, சில ஊழியர்கள் கையில் டார்ச்சுடன் கட்டடத்தின் மேலே ஏறி, போரான் கலந்த திரவத்தை உலைக்குள் விடும் வால்வுகளைக் கையாலேயே திறந்துவிட்டார்கள். கதிர்வீச்சு வெளியே கசியவில்லை. அன்றிரவு ஷிப்டில் இருந்தவர்களுக்குத்தான் நாடு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால், அந்த டர்பைன் பிளேடுகள் உடையலாம் என்பது முன்பே தெரியும். அந்த வகை டர்பைனின் மூல வடிவமைப்பைச் செய்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், அதே மாதிரியான பிளேடுகளில் விரிசல் விடுகிறது, வடிவமைப்பை மாற்றுங்கள் என்று 1989-லேயே, இங்கே டர்பைனைத் தயாரித்த பெல் நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தது. திருத்திய வரைபடங்களை பெல் தயாரித்து அணு மின் கழகத்துக்கு அனுப்பியது. விபத்து நடந்த பிறகுதான் பிளேடுகள் மாற்றப்பட்டன. நான்கு வருடங்கள் அந்த எச்சரிக்கை கோப்பில் கிடந்தது.

இருபது நிமிடமும் இரண்டு மணி நேரமும்

சின்னச் சின்னச் சம்பவங்களையும் ஏன் ஊர் அறியச் சொல்ல வேண்டும், வீணாகப் பயத்தைக் கிளப்புவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் அமெரிக்காவில் இருக்கிறது.

1977 செப்டம்பர் 24. ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ் பெஸ் அணு மின் நிலையத்தில், அழுத்தத்தை விடுவிக்கத் திறந்த ஒரு வால்வு, மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. குளிர்விக்கும் தண்ணீர் அதன் வழியே போய்க்கொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையின் ஒரு கருவி மட்டும் தண்ணீர் ஏராளமாக இருக்கிறது என்று காட்டியது. அதை நம்பி ஊழியர்கள் அவசரத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். நல்ல வேளையாக உலை அன்று மிகக் குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் இருபது நிமிடங்களில் ஒருவர் சிக்கலைக் கண்டுபிடித்து, மாற்று வால்வை மூடினார். பெரிய சேதம் இல்லை.

இந்த உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர்களே, இது வேறொரு இடத்தில் முழுத்திறனில் ஓடும்போது நடந்தால் விபரீதமாகிவிடும், எல்லா நிலையங்களுக்கும் சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்பு மேஜை மேஜையாகச் சுற்றியது. போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை. சரியாக 18 மாதங்கள் கழித்து, 1979 மார்ச் 28 அதிகாலையில், பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில் அதே நிறுவனத்தின் உலை. அதே வகை வால்வு சிக்கிக்கொண்டது. அதே கருவி அதே பொய்யைச் சொன்னது. ஊழியர்கள் அதே தவறைச் செய்தார்கள். இந்த முறை கண்டுபிடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலையின் மையப் பகுதி பாதிக்குப் பாதி உருகிப்போனது.

அதற்குப் பின்தான் அமெரிக்காவில் சம்பவ அறிக்கை என்ற விஷயம் உயிர் பெற்றது. அங்கே அணுசக்தியை வளர்க்கும் வேலையையும் கண்காணிக்கும் வேலையையும் 1974-லேயே சட்டம் போட்டு இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு நிலையத்தில் ஏதாவது நடந்தால், அதன் தீவிரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம் என்ற கெடுவுக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல்களை ஆணையம் தன் இணையதளத்தில் போட்டுவிடுகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதனால் அமெரிக்காவில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ண வேண்டாம். அதே டேவிஸ் பெஸ் மறுபடியும் செய்தியில் வந்தது. உலையின் மூடிப் பகுதியில் விரிசல்கள் இருக்கலாம், 2001 டிசம்பர் 31-க்குள் நிறுத்திச் சோதியுங்கள் என்று உத்தரவிட ஆணையம் தயாராக இருந்தது. நிறுவனம் கெஞ்சியது, 2002 பிப்ரவரி வரை ஓட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. நிறுத்திப் பார்த்தபோது பொறியாளர்கள் உறைந்துபோனார்கள். கசிந்த போரிக் அமிலம், சுமார் 16 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகு மூடியை அரித்துப் பெரிய பள்ளமே பறித்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும், உள்ளே இருந்த பயங்கர அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இங்கேயும் வித்தியாசம் அடுத்து நடந்ததில்தான். ஆணையத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவே விசாரித்து, நிறுவனத்தின் பண நஷ்டத்தைக் குறைக்கும் எண்ணம்தான் அந்த அனுமதிக்குப் பெரிதும் காரணம் என்று தன் ஆணையத்தையே குற்றம் சாட்டி அறிக்கை வெளியிட்டது. நிலையம் இரண்டு வருடங்கள் மூடிக்கிடந்தது. நிறுவனத்துக்கு ஆணையம் 2005-ல் 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மறு வருடம், கிரிமினல் வழக்கைத் தவிர்க்க நீதித் துறையிடம் மேலும் 2.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

காட்டிக்கொடுத்தவரையே காட்டிக்கொடுத்தால்?

ஜப்பானின் கதை இதைவிடக் கசப்பு. அங்கே அணு உலைகளைக் கண்காணிக்கும் அமைப்பு, அணு மின்சாரத்தை ஊக்குவிக்கும் அதே தொழில்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. ஃபுகுஷிமா உலைகளில் ஆய்வு வேலை பார்த்த ஒரு பொறியாளர், உலையின் உள்பாகங்களில் இருந்த விரிசல்களை டெப்கோ மின் நிறுவனம் மறைத்து ஆவணங்களைத் திருத்திவிட்டது என்று 2000-ம் ஆண்டில் அரசுக்குக் கடிதம் எழுதினார். அரசு என்ன செய்தது தெரியுமா? புகார் கொடுத்தவர் யார் என்ற விவரத்தை அந்த நிறுவனத்துக்கே தெரிவித்தது. உண்மை வெளியே வர இரண்டு வருடம் ஆனது.

2002 ஆகஸ்ட்டில் அது வெடித்தபோது, மூன்று அணு மின் நிலையங்களில் 29 முறைகேடுகள் நடந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தது. நிறுவனத்தின் தலைவரும் சேர்மனும் பதவி விலகினார்கள். சோதனைக்காக ஒவ்வொன்றாக நிறுத்தி, 2003 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் 17 உலைகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்து நின்றன. அதற்குப் பிறகும் கண்காணிப்பு அமைப்பு அதே அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. 2011 மார்ச்சில் சுனாமி வந்தது. ஃபுகுஷிமாவை ஆராய ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த குழு, இது இயற்கை தந்தது அல்ல, மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று எழுதியது. கண்காணிப்பவர்களும் நிறுவனமும் கைகோத்துக்கொண்டதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. 2012 செப்டம்பரில்தான் அமைச்சகத்திலிருந்து பிரித்துத் தனி ஆணையம் அமைத்தார்கள்.

500 ரூபாய் அபராதம்

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இந்தியாவிலும் கேள்விகள் கிளம்பின. 2011 செப்டம்பரில், வாரியத்துக்குப் பதிலாகச் சட்டபூர்வமான புதிய ஆணையம் ஒன்றை அமைக்கும் மசோதா மக்களவைக்கு வந்தது. விவாதங்கள் நடந்தன, நிலைக்குழு பார்த்தது, 2014-ல் மக்களவையின் ஆயுள் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது.

இடையே, 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று வெளியானது. வாரியம் இன்னமும் அரசின் துணை அமைப்பாகவே இருக்கிறது, விதிகளைத் தானாக வகுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கை ஒன்று 1983 முதல் எழுதப்படவே இல்லை என்று வரிசையாகச் சொன்ன அந்த அறிக்கையில், படிப்பவரை நிறுத்தும் எண் ஒன்று உண்டு. விதியை மீறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். ஹெல்மெட் இல்லாமல் போனால் இன்று போலீஸ் போடும் அபராதம் இதைவிட அதிகம்.

இன்னொரு எண், ஒவ்வொரு வீட்டையும் தொடுவது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் வாரியத்தில் பதிவு செய்திருந்தவை 5,270 மட்டும். நூற்றுக்கு 91 நிலையங்கள் பதிவே இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்தன. அணு உலை பார்க்காதவர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுக்காதவர்கள் அபூர்வம். அதன் பின்னர் வாரியம் ‘ஈ-லோரா’ என்ற இணையவழி முறையைக் கொண்டுவந்து உரிமம் வழங்கும் வேலையை வேகப்படுத்தியது. பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டருக்குப் போகும்போது, வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. குழந்தையையோ கர்ப்பிணியையோ அழைத்துப் போகிறவர்கள் அவசியம் கேட்கலாம்.

கண்காணிப்பில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி மாயாபுரியே சாட்சி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி, 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பழைய இரும்புக் கடையில் அதை உடைத்தார்கள். பளபளவென்று இருந்த உலோகத் துண்டு கைமாறியது. பலருக்கு உடம்பெல்லாம் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த ஏப்ரல் மாதம் ஒருவர் இறந்துபோனார். டாக்டர்கள் சந்தேகப்பட்டுச் சொன்ன பிறகுதான், இப்படி ஒரு பொருள் கணக்கிலிருந்து நழுவியிருப்பதே வாரியத்துக்குத் தெரிந்தது.

கூடங்குளத்தில் ஒரே நாளில் மாறிய பதில்

முன்னேற்றமே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. வாரியம் இப்போது தன் ஆண்டறிக்கையில், அணு மின் நிலையங்களில் நடந்த குறிப்பிடத்தக்க சம்பவங்களின் எண்ணிக்கையையும், 0 முதல் 7 வரையுள்ள சர்வதேச அளவுகோலில் அவை எந்தப் படியில் வருகின்றன என்பதையும் வெளியிடுகிறது. 2016 மார்ச் 11-ம் தேதி, குஜராத்தின் காக்ராபாரில் உலைக்குள் இருக்கும் ஒரு குழாய் விரிசல் விட்டுக் கனநீர் கசிந்தபோது, உடனடியாகச் செய்தி வெளியானது. வாரியத்தின் ஆட்கள் அங்கே போனார்கள். குழாயைச் சுற்றி ஓடும் கரியமில வாயுவில் கலந்திருந்த மாசுதான் அரிப்புக்குக் காரணம் என்று மாதக்கணக்கான ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள். குழாய்களையெல்லாம் மாற்றி அந்த உலை மறுபடி ஓட மூன்று வருடங்கள் ஆனது. மறைக்காததால் உலகம் இடிந்து விழவில்லை.

ஆனால் பழக்கம் சீக்கிரம் போகாது. 2019 அக்டோபர் இறுதி. கூடங்குளம் அணு மின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாகச் சமூக வலைதளங்களில் செய்தி பரவியது. 29-ம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: இது பொய்த் தகவல், உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படாதவை, சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாள், 30-ம் தேதி, அணு மின் கழகத்தின் தலைமையகத்திலிருந்து வேறொரு அறிக்கை: வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு தொடர்புள்ள கம்ப்யூட்டரில் அது இருந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை. கம்ப்யூட்டர் அவசரகாலக் குழு இதை செப்டம்பர் 4-ம் தேதியே தெரிவித்துவிட்டது.

கட்டுப்பாட்டு அமைப்பு தனியானது என்ற விளக்கம் இரண்டு அறிக்கைகளிலும் ஒன்றுதான். செப்டம்பரிலேயே நாலு வரியில் இதைச் சொல்லியிருந்தால், உள்பக்கத்துச் செய்தியாகப் போயிருக்கும். எட்டு வாரம் சொல்லாமல் இருந்து, முதலில் பொய் என்று மறுத்து, அடுத்த நாள் ஆமாம் என்றதில்தான் பிரச்னை பூதாகரமானது. இடிந்தகரையில் 2011 முதல் போராடிய மக்களிடம், ஒன்றும் ஆகாது நம்புங்கள் என்று சொன்ன அதே நிலையம் இது. அவர்கள் இனி எந்த அறிக்கையை நம்புவார்கள்?

புதிய சட்டம் வந்த பிறகு

2015-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு இந்தியாவுக்கு வந்து ஆராய்ந்துவிட்டு, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதிசெய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. பத்து வருடங்கள் கழித்து, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ‘சாந்தி’ சட்டம், 1962-ம் வருடத்துச் சட்டத்துக்கு விடைகொடுத்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைத்திருக்கிறது. நாற்பது வருடங்களுக்கு மேல் தாமதம் என்றாலும், வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

அதே சட்டம், அணு மின்சார உற்பத்தியைத் தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. இதுவரை வாரியத்துக்கு எதிரே நின்றது அரசாங்கம் மட்டும். இனி, லாப நஷ்டக் கணக்கோடு வரும் கம்பெனிகளும் நிற்கும். ஒரு நாள் உலையை நிறுத்தினால் எத்தனை கோடி போகும் என்று அவர்களுக்குத் தெரியும். டேவிஸ் பெஸ் நிர்வாகத்துக்கும் அது தெரிந்திருந்தது. கூடங்குளத்தில் முதல் இரண்டு உலைகள் மின்சாரம் தருகின்றன, மேலும் நான்கு உலைகளுக்கு வேலை நடக்கிறது.

ஒரு சட்டம் எப்படி நடக்கும் என்பது பெரும்பாலும் அதன் கீழ் எழுதும் விதிகளில்தான் இருக்கும். அந்த விதிகளில் தேடிப் பார்க்க வேண்டிய வரிகள் சில உண்டு. ஒரு சம்பவம் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். அதை வாரியம் எத்தனை நாளில் மக்களுக்குச் சொல்ல வேண்டும். குறையை எழுதிக்கொடுக்கும் ஊழியருக்கு இடமாறுதல் உத்தரவு வந்தால் அவர் யாரிடம் போக வேண்டும்.